'ஏரியா எப்படிங்க?' - பேரை நம்பாதீர்கள், தெருவைப் பாருங்கள்!

வாடகைக்கு வீடு தேடும் குடும்பங்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. தண்ணீர் எப்போது வரும், கரன்ட் யூனிட்டுக்கு எவ்வளவு, அட்வான்ஸ் எத்தனை மாதம், பைக் நிறுத்த இடம் இருக்கிறதா? எல்லாம் கேட்டு முடித்த பிறகு, கொஞ்சம் தயங்கி இன்னொரு கேள்வி வரும்.

"ஏரியா எப்படிங்க?"

இதற்கு புரோக்கர் சொல்லும் பதில் எல்லா ஊரிலும் ஒன்றுதான். "பயமே வேண்டாங்க, எல்லாம் ஃபேமிலி!"

கேள்வி சின்னதுதான். ஆனால், அதற்குள் ஒரு குடும்பத்தின் அன்றாடம் முழுவதும் இருக்கிறது. இரவு ஒன்பதரைக்கு ஷிஃப்ட் முடிந்து பஸ் ஸ்டாப்பில் இறங்கப்போகும் மகள், பகல் முழுக்க வீட்டில் தனியாக இருக்கப்போகும் பாட்டி, டியூஷனுக்கு சைக்கிளில் போகும் பையன். 'நல்ல ஏரியா' என்ற பேருக்காகவே சம்பளத்தில் பெரும்பங்கை வாடகையாகக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். 'மோசமான ஏரியா' என்ற பேரால் சொந்த முகவரியைச் சொல்லத் தயங்குபவர்களும் அதே நகரத்தில்தான் இருக்கிறார்கள்.

ஏரியாவின் பேரை வைத்துப் பாதுகாப்பை அளக்க முடியுமா? முடியாது. அப்படியென்றால் வேறு எதை வைத்து அளப்பது? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

பேர் கெட்ட கதை

சென்னை ஓ.எம்.ஆரில், ஒக்கியம் துரைப்பாக்கத்தில் இருக்கிறது கண்ணகி நகர். நகருக்குள் ஆற்றங்கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் குடிசை போட்டு வாழ்ந்தவர்களை அங்கிருந்து அகற்றி, 2000-ம் ஆண்டு முதல் இங்கே குடியமர்த்தியது குடிசை மாற்று வாரியம். இன்று அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். மொத்தம் சுமார் 23,700 வீடுகள். ஒரு சிறு நகரத்தையே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தது போல!

வீடு இங்கே வந்துவிட்டது. வேலை பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. வீட்டு வேலைக்குப் போன அம்மாக்கள், மூட்டை தூக்கிய அப்பாக்கள், தெருவில் கடை போட்டவர்கள் எல்லோரும் தினமும் பல கிலோமீட்டர் பஸ்ஸில் போய்வர வேண்டியதாயிற்று. பிள்ளைகள் பலருக்குப் பள்ளி பாதியில் நின்றது. ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வோர் இடத்திலிருந்து வந்ததால், அடுத்த வீட்டில் இருப்பவர் யார் என்றே தெரியாது. பழைய குடிசைப் பகுதியில், 'டேய், நீ அந்த அக்கா பையன்தானே?' என்று அதட்டிக் கேட்க நாலு பேர் இருந்தார்கள். புதிய இடத்தில் அந்த நாலு பேர் இல்லை.

குற்றங்கள் நடந்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், குற்றம் செய்தவர்கள் சிலர், பேர் கெட்டது எல்லோருக்கும். 'முகவரியைப் பார்த்ததும் வேலை தர யோசிக்கிறார்கள்' என்று அங்குள்ள இளைஞர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள்.

அதே கண்ணகி நகரில்தான் 2020-ல் அடுக்குமாடிச் சுவர்கள் முழுக்க ஓவியங்கள் வந்தன. அதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் கேமராவோடு படம் எடுக்கப் போனார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில், தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியின் துணைத் தலைவர் கார்த்திகா, இதே கண்ணகி நகர்ப் பெண். தமிழ்நாடு அரசு 25 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தது. பல ஆண்டுகள் குற்றச் செய்திகளில் மட்டுமே அடிபட்ட ஊரின் பெயர், விளையாட்டுச் செய்தியின் தலைப்பில் வந்தது.

சுவர் ஓவியமும் தங்கப் பதக்கமும் வந்ததால் குற்றம் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு பேருக்குள் எத்தனை ஆயிரம் குடும்பங்களைப் போட்டு மூடிவிடுகிறோம் என்பதுதான் விஷயம். அந்தப் பேரே ஆபத்தை வளர்க்கவும் செய்கிறது. முகவரியைப் பார்த்து வேலை மறுக்கப்பட்ட இளைஞன் தெருவில் நிற்கிறான். இரவில் ஆட்டோ உள்ளே வர மறுத்தால், பெண்கள் இருட்டில் நடந்து போகிறார்கள். 'அங்கே இதெல்லாம் சகஜம்தானே' என்று புகாரைத் தட்டிக்கழித்தால், அடுத்தவர் புகார் கொடுக்கவே போக மாட்டார். ஒரு பகுதியை 'மோசம்' என்று ஊரே கைகழுவுவது, அங்கே தவறு செய்பவர்களுக்குத்தான் வசதி.

84-ம் 3,000-ம்

'பேர் வேண்டாம், கணக்கைப் பார்த்து முடிவு செய்யலாமே' என்று தோன்றும். சரி, கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஒவ்வோர் ஆண்டுக்கும் நாட்டின் பெரிய நகரங்களின் குற்ற எண்ணிக்கையை வெளியிடுகிறது. 2023-ம் ஆண்டுக்கான அறிக்கையில், ஒரு லட்சம் மக்களுக்குப் பதிவான குற்றங்கள் கொல்கத்தாவில் சுமார் 84. கொச்சியில் 3,000-க்கும் மேல்.

அப்படியென்றால் கொல்கத்தாவைவிடக் கொச்சி 35 மடங்கு ஆபத்தான நகரமா? கொச்சிக்குப் போய்வந்தவர்கள் சிரிப்பார்கள். அந்தக் கணக்கு, நடந்த குற்றங்களின் எண்ணிக்கை அல்ல. காவல் நிலையத்தில் எழுதப்பட்ட குற்றங்களின் எண்ணிக்கை. சின்ன விஷயத்துக்கும் மக்கள் ஸ்டேஷன் படியேறுகிற, அதைப் போலீஸார் எழுதிக்கொள்கிற ஊரில் எண்ணிக்கை எகிறும். புகார் கொடுக்கவே பயப்படும் ஊரில் எண்ணிக்கை அழகாக இருக்கும். 'குற்றம் கூடுவது வேறு, பதிவு கூடுவது வேறு' என்ற எச்சரிக்கையை அந்த அறிக்கையே கொடுக்கிறது. டி.வி விவாதங்களில்தான் அது காணாமல் போய்விடுகிறது.

இன்னும் இரண்டு விஷயங்கள். ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால், அதில் பெரிய குற்றம் மட்டும்தான் கணக்கில் சேரும். நகரங்களின் விகிதத்தைக் கணக்கிட இந்த அறிக்கை எடுத்துக்கொள்ளும் மக்கள்தொகையோ, 2011 கணக்கெடுப்பில் உள்ளது. அதற்குப் பிறகு எத்தனை அபார்ட்மென்ட்கள் முளைத்திருக்கின்றன என்பது உங்கள் பால்கனியில் நின்று பார்த்தாலே தெரியும்.

2024 ஆகஸ்ட் 9-ம் தேதியையும் மறக்க முடியாது. 'பாதுகாப்பான பெருநகரம்' என்று அந்தப் பட்டியலை வைத்துத் தொடர்ந்து பாராட்டப்பட்ட கொல்கத்தாவில், ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குள்ளேயே, பணியில் இருந்த பெண் பயிற்சி மருத்துவர் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். நீண்ட பணிக்கு நடுவே ஓய்வெடுக்க ஓர் அறை இல்லாமல், கருத்தரங்கக் கூடத்தில் படுத்திருந்தவர் அவர். நகரத்தின் நம்பர், அந்த ஓர் அறையைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

உங்கள் தெருவைப் பற்றியும் அது எதையும் சொல்லாது. அந்த அறிக்கை நகரம், மாவட்டம் வரைதான் வரும். தெரு வரைக்கும் வராது.

ஏரியா முழுக்கவா, ஒரு முனையா?

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில், லாரன்ஸ் ஷெர்மன் என்ற குற்றவியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒரு வேலை செய்தார்கள். ஓராண்டில் போலீஸுக்கு வந்த அழைப்புகள் எல்லாவற்றையும் முகவரிவாரியாகப் பிரித்தார்கள். 1989-ல் வெளிவந்த முடிவு, காவல் துறையினரையே யோசிக்க வைத்தது. நகரத்தின் வெறும் 3 சதவீத முகவரிகளில் இருந்துதான் பாதி அழைப்புகள் வந்திருந்தன. 'மோசமான ஏரியா' என்று சொல்லப்பட்ட இடங்களிலும் பெரும்பாலான தெருக்கள் அமைதியாகவே இருந்தன. பிரச்னை ஒரு மதுக்கடை வாசலில், ஒரு பஸ் ஸ்டாப்பில், ஒரு கட்டடத்தில் இருந்தது.

நம் ஊருக்கும் இது புதிதல்ல. எந்தத் தெருவாசியைக் கேட்டாலும் சொல்வார்கள். "தெரு நல்ல தெருங்க, அந்த டாஸ்மாக் முனை மட்டும்தான்." "ரயில்வே சுரங்கப்பாதை தாண்டுற வரைக்கும்தான் பயம்." "அந்தக் காலி மனை பக்கம் ஏழு மணிக்கு மேல போக மாட்டோம்." மக்களுக்கு இடம் தெரியும், நேரமும் தெரியும். கேட்பவர்கள்தான் 'ஏரியா எப்படி?' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.

இடத்தைப் போலவே நேரமும் முக்கியம். பகலில் குழந்தைகள் கிரிக்கெட் விளையாடும் மைதானம், இரவு பத்து மணிக்கு வேறு இடம். ஐ.டி கம்பெனி வாசலில் மாலை ஆறு மணிக்குத் திருவிழாக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் ஈ, காக்கை இருக்காது.

யாருக்குப் பாதுகாப்பு?

'பாதுகாப்பான தெரு' என்பது எல்லோருக்கும் ஒன்றல்ல.

காலையில் கோலம் போட வரும் அம்மாவுக்கும், வாக்கிங் போகும் பாட்டிக்கும் ஆபத்து பைக்கில் வரும். அட்ரஸ் கேட்பது போல வண்டியை நிறுத்தி, கழுத்துச் சங்கிலியை இழுத்துக்கொண்டு பறப்பது பழைய உத்தி. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-வது பிரிவு, இப்படிப் பறிப்பதைத் தனிக் குற்றமாகவே ஆக்கியிருக்கிறது. மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. இழுத்ததில் கீழே விழுந்து இடுப்பு எலும்பு உடைந்த பாட்டிக்கு, போன நகையைவிட அந்த எலும்புதான் பெரிய இழப்பு.

பெண்களின் விஷயத்தில் நாம் பெரும்பாலும் தெருவைப் பார்த்துத்தான் பயப்படுகிறோம். ஆனால், பெண்களுக்கு எதிரான குற்றங்களில் ஆண்டுதோறும் முதலிடத்தில் இருப்பது 'கணவர் அல்லது கணவரின் உறவினர் செய்யும் கொடுமை'தான். பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர், பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே தெரிந்தவர் என்கின்றன அதே ஆவணங்கள். 'எட்டு மணிக்கு மேல் வெளியே போகாதே' என்று மகளுக்குச் சொல்லும் வீடுகள், 'யார் உன்னிடம் தப்பாக நடந்தாலும் என்னிடம் சொல்லலாம், நான் உன்னைத் திட்ட மாட்டேன்' என்றும் சொல்ல வேண்டும். முதல் வாக்கியத்தைவிட இரண்டாவது வாக்கியம்தான் அதிகம் காப்பாற்றும்.

ஆண் பிள்ளைகளுக்குப் பயமே இல்லை என்று நினைப்பதும் தவறு. தெருமுனையில் 'அண்ணன்' ஒருவர் புது போனும் பைக்கும் காட்டிப் பழக ஆரம்பிப்பது, பள்ளிக்கூடத்துப் பையன்களிடம்தான்.

எந்தக் கேட்டும், எந்த வாட்ச்மேனும் தடுக்க முடியாத திருட்டு ஒன்றும் இருக்கிறது. அது போன் வழியாக வருகிறது. 2023-ல் மட்டும் நாட்டில் 86,420 சைபர் குற்றங்கள் பதிவாகின. முந்தைய ஆண்டைவிட 31 சதவீதம் அதிகம். 'உங்கள் பேரில் பார்சல் வந்திருக்கிறது, உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்கிறோம்' என்று வீடியோ காலில் மிரட்டுபவருக்கு, நீங்கள் அடையாறில் இருக்கிறீர்களா, வியாசர்பாடியில் இருக்கிறீர்களா என்ற கவலையே இல்லை. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்று சட்டத்திலேயே கிடையாது. பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை நடுவழியில் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

கேமரா போதுமா?

'எங்கள் தெருவில் சிசிடிவி இருக்கிறது, கவலை இல்லை' என்ற நிம்மதி பலருக்கும் உண்டு. சென்னையில் கேமராவுக்குப் பஞ்சமில்லை. ஏ.கே.விஸ்வநாதன் கமிஷனராக இருந்தபோது 'மூன்றாவது கண்' என்ற பெயரில், பொதுமக்களையும் கடைக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு நகரம் முழுக்கக் கேமராக்கள் பொருத்தப்பட்டன. பிறகு ஒரு தனியார் நிறுவனம் வெளியிட்ட உலகப் பட்டியலில், ஒரு சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராக்கள் என்று சென்னைக்கு முதலிடமே கிடைத்தது.

கேமராவால் பலன் உண்டு. சங்கிலி பறித்தவர் எந்தப் பக்கம் போனார், எந்த வண்டியில் போனார் என்று தெரு தெருவாகப் பின்தொடர்ந்து பிடிக்க முடிகிறது. ஆனால், கேமரா சாட்சி சொல்லும். ஓடிவந்து கையைப் பிடிக்காது. லென்ஸில் ஒட்டடை படிந்து, ஹார்ட் டிஸ்க் நிரம்பி, சம்பவம் நடந்த பிறகுதான் 'ஆறு மாசமா வேலை செய்யலை சார்' என்று தெரியவருகிற கேமராக்களும் இருக்கின்றன.

அதைவிட எளிய விஷயம் ஒன்று இருக்கிறது. 2016-ல் நியூயார்க் நகரத்தில், அரசுக் குடியிருப்புகளில் சுமார் நாற்பதைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, ஆறு மாதங்களுக்குக் கூடுதல் விளக்குகள் வைத்தார்கள். அதே போன்ற, விளக்கு வைக்காத மற்ற குடியிருப்புகளோடு ஒப்பிட்டபோது, வழிப்பறி, தாக்குதல் போன்ற கடுமையான குற்றங்கள் இரவு நேரத்தில், வெளியிடங்களில் 36 சதவீதம் குறைவாக இருந்தன. வெறும் தெருவிளக்கு!

விளக்கு தானாக யாரையும் பிடித்துவிடுவதில்லை. விளக்கு இருந்தால் ஆட்கள் நடக்கிறார்கள். ஆட்கள் நடந்தால் கடை திறந்திருக்கிறது. கடை திறந்திருந்தால் நாலு கண்கள் தெருவைப் பார்க்கின்றன. அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-லேயே இதைத்தான் எழுதினார். தெருவைப் பாதுகாப்பது முதலில் போலீஸ் அல்ல. அங்கே புழங்கும் மனிதர்களின் கண்கள் என்றார் அவர். நம் தெருக்களில் அந்தக் கண்கள் இஸ்திரி வண்டிக்காரருடையவை, பூக்கார அம்மாவுடையவை, இரவு பதினொன்று வரை திறந்திருக்கும் மெடிக்கல் ஷாப்காரருடையவை. 'ஆக்கிரமிப்பு' என்று சொல்லி அவர்கள் எல்லோரையும் துடைத்தெடுத்துவிட்டு, பத்தடி மதில் எழுப்பிய தெரு பார்க்க அழகாக இருக்கும். இரவில் அந்த மதிலோரம் தனியாக நடந்து பார்த்தால்தான், யாரும் இல்லாததன் பயம் புரியும்.

வீடு பார்க்கப் போகிறீர்களா?

டெல்லியில் கல்பனா விஸ்வநாத்தும் ஆஷிஷ் பாசுவும் 2013-ல் தொடங்கிய 'சேஃப்டிபின்' என்ற செயலி, ஓர் இடத்தின் பாதுகாப்பை ஒன்பது விஷயங்களை வைத்து அளக்கிறது. வெளிச்சம், திறந்த வெளி, தெருவைப் பார்க்கும் ஜன்னல்களும் கடைகளும், ஆள் நடமாட்டம், காவல், நடைபாதை, பஸ் வசதி, பெண்களும் குழந்தைகளும் புழங்குவது, அங்கே நிற்கும்போது மனதில் தோன்றும் உணர்வு. இதை நம் வசதிக்கு இப்படி மாற்றிக்கொள்ளலாம்.

1. மூன்று முறை போங்கள். பகல் பதினொரு மணி, மாலை ஏழு மணி, இரவு பத்து மணி. வீட்டுக்குள் போக வேண்டாம், தெருவில் நடந்தால் போதும். மூன்றில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும்.

2. பஸ் ஸ்டாப்பில் இருந்து வீடு வரை நடந்து பாருங்கள். வீட்டு வாசலில் விளக்கு இருப்பது பெரிதல்ல. நடுவில் எத்தனை கம்பங்களில் விளக்கு எரியவில்லை என்று எண்ணுங்கள்.

3. பெண்கள் தனியாக நடக்கிறார்களா என்று பாருங்கள். இரவு ஒன்பது மணிக்கு ஒரு பெண் போன் பேசிக்கொண்டே சாதாரணமாக நடந்து போகிறார் என்றால், அதைவிடப் பெரிய சர்டிஃபிகேட் இல்லை.

4. புரோக்கரைக் கேட்காதீர்கள். இஸ்திரி போடும் அண்ணனைக் கேளுங்கள், பால் போடுபவரைக் கேளுங்கள், அதே தெருவில் வேலைக்குப் போகும் பெண்களைக் கேளுங்கள். 'ஏரியா எப்படி?' என்று கேட்டால் 'நல்லா இருக்கும்' என்றுதான் பதில் வரும். 'எந்த இடத்தில், எத்தனை மணிக்கு மேல் நீங்கள் போக மாட்டீர்கள்?' என்று கேளுங்கள். உண்மையான வரைபடம் அதில் கிடைக்கும்.

5. எந்தக் காவல் நிலையம் என்று கேட்டு வையுங்கள். 2022-ல் தாம்பரம், ஆவடி என இரண்டு தனிக் கமிஷனரகங்கள் வந்த பிறகு, முகவரியில் 'சென்னை' என்று இருந்தாலும் உங்கள் காவல் எல்லை வேறாக இருக்கலாம். அவசரத்தில் தேட வேண்டிய விவரமல்ல அது.

இந்த ஐந்திலும் தேறிவிட்டால், ஏரியாவின் பேர் என்னவாக இருந்தாலும் தைரியமாக அட்வான்ஸ் கொடுக்கலாம். இதில் தேறாத 'நல்ல ஏரியா'வுக்குக் கூடுதல் வாடகை கொடுப்பது, பேருக்குக் கொடுக்கும் பணம்.

குடியிருப்பவர்கள் என்ன செய்யலாம்?

வீட்டை மாற்றும் வசதி எல்லோருக்கும் இல்லை. இருக்கும் தெருவைச் சரிசெய்துகொள்ளும் உரிமை எல்லோருக்கும் இருக்கிறது.

முதலில், புகார் கொடுங்கள். 'செல்போன்தானே போச்சு, விடு' என்று விட்டுவிடும் ஒவ்வொரு சம்பவமும், அந்த முனையில் எதுவுமே நடக்கவில்லை என்று ஆவணமாகிவிடுகிறது. ரோந்து வண்டி எங்கே நிற்க வேண்டும் என்பதை, பதிவான புகார்களை வைத்துத்தானே முடிவு செய்ய முடியும்?

புகார் கொடுத்ததும் கையில் கிடைக்கும் சி.எஸ்.ஆர் ரசீது வேறு, எஃப்.ஐ.ஆர் வேறு. போலீஸார் வாரன்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் நடந்திருப்பதாகப் புகார் சொன்னால், எஃப்.ஐ.ஆர் பதிவது கட்டாயம் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு, இன்னும் சில வழிகளைத் திறந்திருக்கிறது. சம்பவம் எங்கே நடந்திருந்தாலும், எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். இணையம் வழியாகவும் தகவல் கொடுக்கலாம். மூன்று நாள்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர் நகல் இலவசம். மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்குள் தண்டனை உள்ள சில குற்றங்களில், டி.எஸ்.பி அனுமதியோடு 14 நாள்களுக்குள் முதற்கட்ட விசாரணை செய்ய மட்டும் போலீஸாருக்கு இடமுண்டு. ஸ்டேஷனில் புகாரை வாங்க மறுத்தால் உயரதிகாரிக்கு எழுதி அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

செல்போன் தொலைந்தால், புகாரோடு சேர்த்து மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் அதன் ஐ.எம்.இ.ஐ எண்ணை முடக்குங்கள். ஊருக்குப் போகும்போது, வீடு பூட்டியிருக்கும் விவரத்தை ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள். கூடவே எதிர்வீட்டிலும் சொல்லுங்கள். 'ஊருக்குக் கிளம்பிட்டோம்' ஸ்டேட்டஸை மட்டும் திரும்பி வந்த பிறகு போடுங்கள்.

போனில் இருக்க வேண்டிய எண்கள்: அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, சைபர் மோசடிக்கு 1930. தமிழ்நாடு காவல் துறையின் 'காவல் உதவி' செயலியை வீட்டில் எல்லோருடைய போனிலும் போட்டுவையுங்கள். பாட்டிக்கு அதை ஒருமுறை அழுத்திக் காட்டாமல், ஐகானை மட்டும் வைத்துவிட்டுப் போவதில் பயனில்லை.

தெருவின் வாட்ஸ்அப் குரூப்பும் உதவும், சரியாகப் பயன்படுத்தினால். 'சந்தேகமான ஆள் நடமாடுகிறார்' என்று ஒரு கூலித் தொழிலாளியின் போட்டோவைப் போடுவது பாதுகாப்பல்ல. ஓர் அப்பாவி அடிவாங்க அதுவே காரணமாகிவிடும். 2018-ல் 'பிள்ளை பிடிப்பவர்கள்' என்ற வாட்ஸ்அப் வதந்தியால் தமிழ்நாட்டிலேயே அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். சந்தேகம் இருந்தால் 112-க்குச் சொல்லுங்கள், குரூப்புக்கு அல்ல. குரூப்பில் போட வேண்டியது எரியாத விளக்கின் படம், மூடாத பள்ளத்தின் படம், அதற்குக் கொடுத்த புகாரின் எண்.

இன்று இரவே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் வீட்டில் இருப்பவர்களை அழைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை ஒரு நடை போய்வாருங்கள். எரியாத விளக்கைப் பார்த்தால், கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, சென்னையில் இருப்பவர்கள் மாநகராட்சியின் 1913-க்கு அழையுங்கள். மற்ற ஊர்க்காரர்கள் உங்கள் மாநகராட்சி, நகராட்சியில் சொல்லுங்கள். புகார் எண் கேட்டு வாங்குங்கள். ஒரு வாரத்தில் எரியவில்லை என்றால் மறுபடியும் அழையுங்கள். அந்த வெளிச்சத்தில் முதலில் நடந்து வரப்போவது உங்கள் வீட்டுப் பெண்ணாக இருக்கலாம், பேர் தெரியாத எதிர்வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாம். இருவருக்கும் வழி ஒன்றுதான்.